வரிவடிவமும் எழுத்தும்: தமிழ் மின்னூல் வடிவங்களும் படிப்புக் கருவிகளும் – ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து தாளுக்கு மாறிய வரலாறு அறிஞர் பலரால் ஆராயப்பட்டுள்ளது. ஏடு தேடிய பயணங்கள், பாடவேறுபாடுகள், பதிப்பு நெறிகள், பதிப்பாசிரியர்களுக்கு இடையே எழுந்த பூசல்கள் எனப் பலவும் நூலாகவும் கட்டுரையாகவும் வெளிவந்துள்ளன. தாளிலிருந்து திரைக்கு மாறிய வரலாறு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அது பொறியியலாரின் துறை என்ற எண்ணம் தமிழ்த்துறைகளில் நிலவி வருவது இதற்கு ஒரு காரணம் ஆகலாம். ஆயின் இம்மாற்றத்தின் மையத்தில் நிற்பது எழுத்து பற்றிய வினாவே ஆகும். எனவே அது எழுத்திலக்கணம் பயின்றோர்க்கும் உரியது.

ஓலையில் புள்ளி இடும் வழக்கம் பெரிதும் இல்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் மயங்கின. ஏட்டைப் படித்த புலவர் தம் மொழியறிவால் அவ்வேறுபாடுகளை மீட்டெடுத்தார். அதாவது கண் கண்ட வடிவம் வேறு, உள்ளம் கொண்ட எழுத்து வேறு என்ற நிலை தமிழுக்குப் புதிதன்று. மின்னூலில் இந்நிலை திரும்பி வந்தது. ஆனால் இம்முறை ஏட்டைப் படிக்க வேண்டியது புலவர் அன்று, மொழியறிவு சிறிதும் இல்லாத ஒரு கருவி. எந்தப் படிப்புக் கருவியை வாங்குவது, எந்தக் கோப்பு வடிவில் நூலைச் சேமிப்பது என்பது ஆங்கில வாசகர்க்கு விலையும் திரையளவும் பற்றிய வினா. தமிழ் வாசகர்க்கு அது, கோப்பில் இருப்பது எழுத்தா அல்லது எழுத்தின் உருவம் மட்டுமா என்ற வினாவாகவே தொடக்கம் முதல் இருந்து வந்துள்ளது.

எண்மின் நூலகத்தின் தொடக்கமாகக் கருதப்படுவது 1971ஆம் ஆண்டு இலினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆர்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டமாகும். அத்திட்டத்தின் நூல்கள் வெற்று எழுத்துக் கோப்புகளாக வெளியிடப்பட்டன. ரோமன் எழுத்துகளுக்கான பொதுக் குறியேற்றம் அதற்கு முன்பே நிலைபெற்றுவிட்டமையால், அன்று தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு இன்றைய எந்தக் கருவியிலும் திறக்கும். தமிழுக்கு அத்தகைய அடித்தளம் வாய்க்கவில்லை. கொலோன் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல்–தமிழியல் நிறுவனம் தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றியபோது ரோமன் எழுத்துப்பெயர்ப்பையே கையாண்டது. ஆய்வுக்கு அது போதுமானதாக இருந்தது. வாசிப்புக்கு அது போதாது.

1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தமிழ் எழுத்திலேயே நூல்களை வெளியிட முற்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்சுனன் துணைநின்றார். திருக்குறள் முதல் வெளியீடாக அமைந்தது. பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தனர். வெளியீடுகளின் முகப்பில் உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் தரப்பட்டுள்ளன. ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரும் நாளும் குறிக்கும் மரபின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம். பிற்கால வெளியீடுகளில் மூலப்பதிப்பின் விவரமும் இடம்பெறுகிறது. தொடக்ககால வெளியீடுகள் பலவற்றில் அது இல்லை என்பது ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டியதொரு குறை.

அக்காலத்தில் தமிழ்க் கோப்பு என்பது எழுத்துருவோடு பிணைக்கப்பட்டிருந்தது. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை, இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவிய பாமினி, தமிழக அலுவலகங்களில் வழங்கிய வானவில், அச்சகங்களில் வழங்கிய ஸ்ரீலிபி எனப் பல எழுத்துருக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஒன்றில் அகரத்திற்குரிய எண் மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் காட்டும். உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பு ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் தோன்றும்.

இச்சிக்கலைத் தீர்க்க இணையவழிக் கலந்துரையாடலில் உருவானது தஸ்கி என்னும் குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவை யாவும் எட்டுத்துணுக்கு முறையைச் சார்ந்தவை. அம்முறையில் 256 இடங்களே உண்டு. அவற்றில் முற்பாதி ஆங்கிலத்திற்கு ஒதுக்கப்பட்டால் எஞ்சுவது 128. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளும் அதில் அடங்கா. ஆகவே கொம்பு, கால் முதலியவை தனித்தனி உருக்களாக வைக்கப்பட்டன. ‘கொ’ என்னும் எழுத்தைப் பதிய முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் கால் என மூன்று குறிகள் இடப்பட்டன. அச்சுக் கோப்பவர் ஈய எழுத்தை அடுக்கியதும் தட்டச்சுப் பொறி அடித்ததும் இதே வரிசையில்தான். இங்குப் பதிவானது எழுத்தன்று. அதன் வரிவடிவத்தின் உறுப்புகள். மெய் முன்னும் உயிர் பின்னுமாக நின்று உயிர்மெய் ஆகும் என்னும் இலக்கண முறைக்கு இவ்வரிசை மாறானது.

ஒருங்குகுறி இம்முறையை மாற்றியது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி அமைப்பு அதற்கு அடிப்படை. இதன்படி ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் மட்டுமே. கொம்பு முன்னே வரவேண்டும், கால் பின்னே வரவேண்டும் என்பதைக் கோப்பு கூறாது. அதனைக் கருவியில் உள்ள வடிவமைப்பு நிரல் செய்துகொள்ள வேண்டும். எழுத்துக்கும் வரிவடிவத்துக்கும் உள்ள வேறுபாடு கணிப்பொறியில் முதன்முறையாக முறைப்படி ஏற்கப்பட்டது எனலாம். ஆயின் அதற்கு ஒரு விலை இருந்தது. நிரல் இல்லாத கருவியில் தமிழ் சிதைந்தது. விண்டோஸ் 98 இயங்கிய கணிப்பொறிகளில் ஒருங்குகுறித் தமிழ் சரிவரத் தோன்றவில்லை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பி பதிப்பிலும் இந்திய மொழிகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. மதுரைத் திட்டம் 2004 முதல் ஒருங்குகுறியிலும் நூல்களை வெளியிடத் தொடங்கியது. பழைய தஸ்கி கோப்புகள் படிப்படியாக மாற்றப்பட்டன.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என வாதிட்டோரும் இருந்தனர். அவர்தம் முயற்சியின் பயனாக டேஸ்16 என்னும் குறியேற்றம் உருவானது. 2010 சூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்ற நாள்களில் தமிழக அரசு ஒருங்குகுறியையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. டேஸ்16 மொழியியல் நோக்கில் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அது ஒருங்குகுறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் உலகெங்கும் உருவான கருவிகள் அதனை அறியவில்லை. ஒரு வடிவம் சிறந்ததாக இருப்பது மட்டும் அது நிலைப்பதற்குப் போதாது என்பதற்கு இது தெளிவான சான்று.

இதே ஆண்டுகளில் படிப்புக் கருவிகள் தோன்றின. மின்மைத் திரை கொண்ட முதல் கருவியைச் சோனி நிறுவனம் 2004இல் சப்பானில் வெளியிட்டது. 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பன்னாட்டு எண்மின் பதிப்பு மன்றம் இபப் என்னும் பொதுவடிவத்தை ஏற்றது. அதன் மூன்றாம் பதிப்பு 2011இல் வெளிவந்தது. அமேசான் இபப் வடிவத்தை ஏற்கவில்லை. 2005இல் தான் விலைக்கு வாங்கிய மொபிபாக்கெட் நிறுவனத்தின் மொபி வடிவத்தையும் அதன் வழிவந்தவற்றையும் கையாண்டது. இவ்வாறு ஒரே நூலுக்கு இரண்டு வடிவங்கள் தேவைப்பட்டன. இவற்றிடையே மாற்றம் செய்ய உலகெங்கும் இன்று பயன்படும் காலிபர் மென்பொருளை 2006இல் உருவாக்கத் தொடங்கியவர் கோவித் கோயல் என்னும் இந்தியர்; சோனி கருவியைத் தம் கணிப்பொறியுடன் இணைக்க எழுதிய நிரலே அதன் தொடக்கம்.

இக்கருவிகளில் தமிழ் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் வெற்றுக் கட்டங்கள் தோன்றின. எழுத்துரு இருந்தும் வடிவமைப்பு நிரல் இல்லாத கருவியில் கொம்பு ககரத்திற்குப் பின்னே போய் நின்றது. பயனர் தாமே எழுத்துருவை ஏற்றிக்கொள்ளலாம் என்ற வசதியைச் சில கருவிகள் அளித்தன. எழுத்துரு மட்டும் போதாது என்பதை அவ்வாறு ஏற்றிப் பார்த்தவர்கள் அறிந்தனர். 2010இல் அகமதாபாத்தைச் சார்ந்த இன்ஃபிபீம் நிறுவனம் இந்திய மொழிகளையும் கருத்தில் கொண்டு ‘பை’ என்னும் படிப்பானை அறிமுகப்படுத்தியது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை.

ஆகவே தமிழ் வாசகர் பிடிஎஃப் வடிவத்தை நாடினர். அதில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதியப்பட்டிருப்பதால் எந்தக் கருவியிலும் தமிழ் சிதையாது. ஆனால் அது பக்கத்தின் படம் போன்றது. திரைக்கேற்ப வரிகள் மாறி அமையா. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆறங்குலப் படிப்பானின் திரை ஏறத்தாழ 9 செ.மீ. அகலமே உடையது. தாளில் 12 புள்ளி அளவில் அமைந்த எழுத்து திரையில் 5 புள்ளி அளவுக்குச் சுருங்கும். தொடக்கக் காலக் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளிகளே இருந்தன. அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஓலையில் இடப்படாத புள்ளி திரையில் இடப்பட்டும் மறைந்தது.

2013இல் தொடங்கப்பட்ட ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ என்னும் தன்னார்வ முயற்சி இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டது. படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்படும் ஒவ்வொரு நூலும் இபப், மொபி, ஏ4 அளவுப் பிடிஎஃப் ஆகியவற்றோடு ஆறங்குல அளவுப் பிடிஎஃப் ஆகவும் தரப்பட்டது. இந்நான்காம் வடிவம் ஆங்கில நூல் வெளியீட்டில் வழக்கமாகக் காணப்படாதது. படிப்பானில் தமிழ் சிதைவதால், பக்கத்தையே படிப்பானின் அளவுக்கு வெட்டித் தைத்தனர். மொழிக்கேற்பக் கருவி அமையாதபோது கருவிக்கேற்ப நூலை அமைத்த செயல் இது. இத்தகைய சிறு ஏற்பாடுகளே தமிழ் வாசிப்பை அவ்வாண்டுகளில் காத்தன என்று கூறுவது மிகையன்று. திறன்பேசிகளில் தமிழ் வடிவமைப்பு நிரல் இயல்பாக அமையத் தொடங்கிய பின்னர் வாசகருட் பெரும்பாலோர் தனிப்படிப்பானை விடுத்துக் கைப்பேசிக்கே திரும்பினர்.

அமேசான் 2016 திசம்பரில் தமிழ், இந்தி, மராத்தி, குசராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து இந்திய மொழி நூல்களைக் கிண்டில் கடையில் அறிமுகப்படுத்தியது. எழுத்துச் சிதைவு என்னும் தடை பெரிதும் நீங்கியது. ஆயின் வேறொரு தடை எழுந்தது. அங்கு வாங்கும் நூல்கள் பெரும்பாலும் பூட்டிட்டவை. அமேசானின் கருவியிலும் செயலியிலும் மட்டுமே திறப்பவை. 2009 சூலையில், உரிமைச் சிக்கலால் சார்ச் ஆர்வெலின் இரு நாவல்களை வாசகர் கருவிகளிலிருந்து அந்நிறுவனம் தானே நீக்கியது பரவலாக அறியப்பட்ட நிகழ்வு. 2022இல் வாசகர் தம் சொந்தக் கோப்புகளை இபப் வடிவில் கிண்டிலுக்கு அனுப்ப வழி திறந்தது. ஏறத்தாழ அதே வேளையில் அவ்வழியில் மொபி கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பிவழி மாற்றிக்கொள்ளும் வசதி நிறுத்தப்பட்டது. தனியார் ஒருவர் வாங்கிய நூலுக்கே நிலை இதுவாயின், பல்கலைக்கழக நூலகம் தன் பொருளைச் செலவிட்டுத் தொகுக்கும் தமிழ் மின்னூல்களை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு அளிக்கும் என்பது எண்ணத்தக்கது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் அவற்றைத் திறந்த வடிவில் தரும் தமிழ் விக்கிமூலமும் இங்குத் தனிச்சிறப்புப் பெறுகின்றன. விக்கிமூலத்தின் நூல்களை இபப் ஆக இறக்கிக்கொள்ள இயலும். அதற்குப் பூட்டு இல்லை.

ஆய்வாளர்க்கு நேரடியாக உரிய சிக்கல் இனி வருவது. திரையில் ஒரே வடிவில் தோன்றுவன கோப்பில் வேறு வேறாக இருத்தல் கூடும். ‘ஔவை’ என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. தேடுபொறிக்கு அவை இரு வேறு சொற்கள். ‘கௌ’ என்பதும் இவ்வாறே கொம்பு, ககரம், ளகரம் எனப் பிரிந்து நிற்பதுண்டு. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரு குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரு குறியாகவும் பதியலாம், ஒருங்குகுறி இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கிறது, எல்லா மென்பொருளும் அவ்வாறு கொள்வதில்லை. ‘ஸ்ரீ’ இன்னும் நுட்பமானது. 2005இல் ஒருங்குகுறியின் 4.1ஆம் பதிப்பில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின்னர் அவ்வெழுத்தைக் கொண்டும் அது எழுதப்படுகிறது. முன்னர் ஸகரத்தைக் கொண்டு எழுதியதும் தொடர்கிறது. இரண்டும் திரையில் ஒன்றே.

சங்க நூல்களில் ஒரு சொல் எத்தனை இடங்களில் பயின்றுள்ளது என எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு முடிவு கூறும் ஆய்வுகள் பெருகியுள்ளன. முன்னர் இதற்குச் சொல்லடைவுகள் துணைசெய்தன. அவற்றைத் தொகுத்தவர் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் கண்டார். இன்று கோப்பில் தேடல் கட்டளை இடப்படுகிறது. அக்கோப்பு எக்குறியேற்றத்திலிருந்து மாற்றப்பட்டது, மாற்றிய பின் மெய்ப்புப் பார்க்கப்பட்டதா என்னும் வினாக்கள் ஆய்வேடுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பதிப்பைக் குறிப்பிடாமல் பாடலை மேற்கோள் காட்டுவதைப் பிழையெனக் கொள்ளும் துறை, கோப்பைக் குறிப்பிடாமல் எண்ணிக்கை தருவதை ஏற்றுக்கொள்வது பொருந்தாது.

பக்க எண்ணும் இங்கு நினைக்கத்தக்கது. இபப் போன்ற நெகிழ்வடிவங்களில் பக்கம் என்பது நிலையானதன்று. எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறும். உரைநடை நூல்களை மேற்கோள் காட்டுவோர்க்கு இது இடர்தான். ஆனால் குறள் எண், புறநானூற்றுப் பாடல் எண், அடி எண் என இடஞ்சுட்டும் பழைய தமிழ் மரபுக்கு இதனால் குறையொன்றும் இல்லை. அடி பற்றிய சிக்கலோ வேறு. ஆசிரியப்பாவின் நாற்சீரடி ஆறங்குலத் திரையில் சற்றுப் பெரிய எழுத்தில் அடங்காது. கடைசிச் சீர் அடுத்த வரிக்குச் செல்லும். மடிந்த வரிக்கும் புதிய அடிக்கும் வேறுபாடு காட்ட உள்ளொதுக்கம் இடப்படாத மின்னூல்களில், ஈற்றயலடி முச்சீராய் வருவது யாப்பினாலா திரையினாலா என மாணவர் மயங்க நேரிடுகிறது. செய்யுள் நூலை இபப் ஆக்குவோர் ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறித்து, மடியும் பகுதியை உள்ளே தள்ளி அமைப்பின் இது நீங்கும். செய்யத்தக்கதே, செய்தவர் சிலரே.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய வடிவங்கள் குறித்தும் ஐயம் எழுவதுண்டு. ஒருங்குகுறி அவற்றுக்குத் தனியிடம் தரவில்லை. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே எழுத்தெனக் கொண்டு, தோற்றத்தை எழுத்துருவின் பொறுப்பில் விட்டது. இலக்கண நோக்கில் இது சரியே. அச்சு வரலாறு ஆய்வோர்க்கு மட்டும் மூலப்பக்கத்தின் படமும் உடன் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 2005 முதல் இயங்கும் ஈழத்து நூலகம் நிறுவனமும் பக்கப்படங்களைத் தருவது இவ்வகையில் பயனுடையது. படம் ஒருபுறம், எழுத்து ஒருபுறம் என இரண்டும் ஒருங்கே கிடைக்கும் நூலே ஆய்வுக்கு முழுமையானது. விக்கிமூலத்தின் மெய்ப்புப் பக்கங்கள் இவ்வமைப்பை உடையன.

இவ்வரலாற்றின் தீராத பகுதி தமிழ்த்துறைகளின் உள்ளேயே உள்ளது. பல்கலைக்கழக மானியக்குழுவின் நெறிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் அளிக்கப்பட்டு, இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. தமிழ் ஆய்வேடுகள் பலவும் வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு, பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. வேறு சில தாளிலிருந்து படமெடுக்கப்பட்டவை. திரையில் அவை தெளிவாகவே தோன்றுகின்றன. ஆனால் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ரோமன் குவியலே கிடைக்கும். ஒரு சொல்லைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒருங்குகுறியில் எழுதி உருவாக்கிய பிடிஎஃப் கோப்புகளிலும் கொம்பின் இடம் பிறழ்வதுண்டு. பிடிஎஃப் உருக்களை அவை தாளில் நிற்கும் வரிசையில் வைப்பதே அதற்குக் காரணம்.

இவ்வாய்வேடுகளின் மூலக்கோப்புகள் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நெறியாளர் அறையிலும் துறை அலமாரியிலும் குறுவட்டுகளாக அவை கிடக்கின்றன. வானவில்லிலிருந்தும் பாமினியிலிருந்தும் ஒருங்குகுறிக்கு மாற்றும் இலவச நிரல்கள் 2000களிலிருந்தே வழக்கில் உள்ளன. ஓர் ஆய்வேட்டை மாற்ற ஒரு நாள் போதும், மெய்ப்புப் பார்க்க ஒரு வாரம் வேண்டும். குறுவட்டைப் படிக்கும் கருவியுடன் கணிப்பொறிகள் விற்கப்படுவதோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.